சம்பந்தியம்மாவின் நாலாவது தட்டு

ஜெயம்மாளுக்குக் கும்மி தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் அவளுக்குத் தெரியாத சங்கதிகள் இன்னும் எத்தனையோ இருந்தன. விழாக் குழுவினர் அத்தனையையும் விட்டுவிட்டு இந்த ஒன்றைத் தேடிப்பிடித்து அவள் பெயருக்கு நேரே எழுதிவிட்டார்கள்.

விழாவின் பெயர் 'பாலாற்றங்கரைப் பன்முகப் பண்பாட்டுத் திருவிழா'. பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பல வருஷம் ஆகிவிட்டது என்றாலும் கரை இருக்கத்தானே செய்கிறது. சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை அதை நடத்தியது. ஆம்பூரில் தொடக்க நாள், ஐந்து வாரம் கழித்து வேலூரில் நிறைவு நாள். இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் எத்தனை சமூகம் உண்டோ அத்தனைக்கும் ஆளுக்கு ஒரு கலை, ஒரு கலைக்குப் பத்து நிமிஷம் என்று கணக்காகப் பிரித்திருந்தார்கள்.

ஆள் சேர்க்கிற வேலை நந்தினியுடையது. இருபத்தைந்து வயதுப் பெண். சென்னையிலிருந்து வந்து ஆம்பூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, கையில் ஒரு கட்டுப் படிவங்களோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். ஜெயம்மாள் வேலை செய்கிற ஷூ கம்பெனிக்கு அவள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். "இந்த லைன்ல பாடறவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டதுதான் தாமதம், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற பெண்கள் பதினேழு பேரும் ஒரே சமயத்தில் தங்கள் சூப்பர்வைசர் ஜெயம்மாளைக் கை காட்டினார்கள்.

"உங்க கலை என்னக்கா?" என்றாள் நந்தினி, பேனாவைத் திறந்துகொண்டு.

"பாட்டும்மா. கல்யாணப் பாட்டு. உருதுல."

பேனா நின்றுவிட்டது. நந்தினி படிவத்தைப் பார்த்தாள். ஜெயம்மாளின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

"உருது முஸ்லிம் சமூகத்துக் கலைல வருதுக்கா."

"ஆமா, அவங்க கல்யாணத்துலதான் பாடறேன்."

"ஆனா நீங்க…"

"நான் ஜெயம்மா."

ஜெயம்மாளின் அப்பா தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வாட்ச்மேனாக இருந்தவர். முதலாளி தன் வீடு இருந்த சந்திலேயே அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார். சந்து முழுக்க உருது. வாசல் தெளித்துக் கோலம் போட்டது இந்த ஒரு வீடுதான். ஜெயம்மாள் தமிழில் பேசக் கற்ற அதே வயதில் உருதுவிலும் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டு வயதில், மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசுகிற ஒரு வைபவத்தில் பெரியவர்களோடு சேர்ந்து பாடியவள், அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. இப்போது ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பெண் வீட்டார் சமையல்காரருக்குச் சொல்கிறார்களோ இல்லையோ, ஜெயம்மாளுக்குச் சொல்லிவிட்டுத்தான் தேதியே குறிப்பார்கள்.

நந்தினி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெளியே போய்ச் சென்னைக்குப் போன் செய்தாள். விழாவின் ஆலோசகர் பேராசிரியர் தேவசகாயம். நாகர்கோவில்காரர். நாட்டார் கலைகளைப் பற்றி ஆறு புத்தகம் எழுதியவர். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நந்தினி தயங்கித் தயங்கித் திரும்பி வந்தாள்.

"ஒரு சமூகத்தோட கலைய அந்தச் சமூகத்தோட குரல்தான் பாடணுமாம்க்கா. இல்லன்னா அது அபகரிப்பாம்."

"அபகரிப்பா? நான் இன்னாம்மா அபகரிச்சேன்? மழைன்னாலும் வெயிலுன்னாலும் ஆட்டோ அனுப்பி அவங்கதான் என்ன இட்டுகினு போறாங்க."

நந்தினிக்கே சங்கடமாகத்தான் இருந்தது. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் படிவங்களைப் புரட்டினாள். 'கிராமியப் பெண்கள் – கும்மி' என்ற இடத்தில் ஓர் ஆள் குறைந்தது. ஒடுகத்தூர்ப் பக்கத்துக் குழு. எட்டுப் பேரில் ஒருத்தி மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாளாம். "இதுல சேர்த்துக்கட்டுமாக்கா?"

ஜெயம்மாள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினேழு பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதோடு, முப்பத்தாறு வருஷமாகப் பாடுகிறவளின் பெயரை இதுவரை யாரும் மைக்கில் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் பாடுகிற பெண்களை யார் அறிவிக்கிறார்கள்? ஒரே ஒரு தடவை தன் பெயர் ஒலிபெருக்கியில் வர வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

"சரி, எழுதிக்கோ" என்றாள்.

சந்தில் பாட்டுக்கு டோலக் வாசிப்பவர் அக்தரி பேகம். ஜெயம்மாளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவளுக்கு 'ஆபா', அதாவது அக்கா. உருதுக் கல்யாணப் பாட்டுக்கு ஆள் கேட்டு நந்தினி அன்று மாலையே அவர் வீட்டுப் படியும் ஏறியிருந்தாள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி ஜெயம்மாள் அங்கே போனபோது ஆபா ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

"நான் சொல்ட்டேன் ஜெயா. நாங்க நாலு பேரு வர்றோம், ஆனா ஆம்பளைங்க முன்னால உக்காந்து பாட மாட்டோம், குறுக்க திரை கட்டணும்னு. அந்தப் பொண்ணு உடனே சரின்னுடுச்சு. திரையும் ஒரு மரபுன்னு எழுதிக்கிச்சு."

"நாலு பேருன்னா யாரு யாரு, ஆபா?"

"நானு, என் நாத்தனாரு, எதுத்த வீட்டு இஃப்ரா. நாலாவது நீ."

"என்ன எடுக்க மாட்டாங்களாம், ஆபா. அபகரிப்பாம்."

அக்தரி பேகத்துக்கு அந்தச் சொல் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் டோலக்கைத் தள்ளி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ இல்லாம நாங்க இன்னாத்தப் பாடறது? இஃப்ராக்குப் பாட்டே தெரியாது, கையத் தட்டத்தான் கூப்ட்டேன். பேசாம திரைக்குப் பின்னால வந்து உக்காரு. வெளிய தெரியவா போவுது?"

இப்படித்தான் அது முடிவானது. திரைச்சீலையை ஜெயம்மாளே தைத்தாள். தன்னை மறைக்கப்போகிற துணி என்பதற்காகத் தையலில் குறை வைக்கவில்லை. ஷூ அப்பருக்குப் போடுவதுபோல இரட்டைத் தையல் போட்டாள்.

ஒத்திகைக்குப் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. ஆபா வீட்டில் பாட்டு நடக்கும்போது மாடியிலிருந்து அவருடைய தம்பி ஆபித் பாஷா கம்பால் தரையைத் தட்டுவார். ஷூ கம்பெனிகளுக்குப் பசை சப்ளை செய்கிற ஏஜென்ட் அவர். "இன்னா இது பேஜாரு! ஒரு மனுசன் போன்ல வியாபாரம் பேச வேணாமா?" என்று படியில் நின்று கத்துவார். முப்பது வருஷமாக அவர் கத்துகிறார், முப்பது வருஷமாக இவர்கள் பாடுகிறார்கள்.

கும்மி ஒத்திகை வேறு விதம். குழுவின் தலைவி சம்பூர்ணம், வேர்க்கடலைக் காட்டில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த உடம்பு. சக்கரமாகச் சுழன்றாள். ஜெயம்மாள் வலது கால் வைக்க வேண்டிய இடத்தில் இடது காலை வைத்துப் பக்கத்துப் பெண்ணின் முதுகில் இரண்டு முறை தட்டினாள். மூன்றாம் நாள் சம்பூர்ணம் அவளைத் தனியாக அழைத்துப் போய் மரியாதையாகவே சொன்னாள்: "யக்கா, நீ கையத் தட்டாத. தட்ற மாதிரி காட்டு. காலு மட்டும் எங்க கூட வந்தா போதும்."

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பள்ளி மைதானத்தில் பெரிய பந்தல். முகப்பில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றிலும் வரவேற்புப் பலகை. உருது எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், இடமிருந்து வலமாகத் திரும்பி நின்றன. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரிந்தும், கஷ்டப்பட்டு வைத்திருக்கிறார்களே என்று யாரும் வாய் திறக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு உருதுப் பாட்டு. திரை கட்டினார்கள். திரைக்கு முன்னால் ஐந்து நாற்காலியில் விருந்தினர்கள், நடுவில் பேராசிரியர் தேவசகாயம். அக்தரி பேகம் டோலக்கை இரண்டு தட்டுத் தட்டினார். ஜெயம்மாள் பாட ஆரம்பித்தாள்.

அது சம்பந்தியம்மாளைக் கேலி செய்கிற பாட்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டே பாடுவது. சம்பந்தியம்மா பந்தியில் உட்கார்ந்தாளாம். முதல் தட்டு பசிக்காம், இரண்டாம் தட்டு ருசிக்காம், மூன்றாம் தட்டு பக்கத்துத் தட்டைப் பார்த்த வயிற்றெரிச்சலுக்காம். நாலாவது தட்டை மட்டும் யாரும் பார்க்காமல் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு போனாளாம். இப்படியே பதினொரு சரணம். ஒவ்வொரு சரணத்திலும் ஒரு பலகாரம் காணாமல் போகும்.

இரண்டாவது வரி முடிவதற்குள் பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. அப்பர் லைனிலிருந்து வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். "நம்ம ஜெயாக்காடி!" அந்தப் பக்கம் தங்கள் கல்யாணத்தில் இந்தக் குரலைக் கேட்ட பெண்கள் நூறு பேராவது இருந்தார்கள். கல்யாண வீட்டுத் திரைக்கு வெளியே காத்திருந்து கேட்ட ஆண்கள் அதைவிட ஜாஸ்தி. ஐந்து நிமிஷத்தில் மைதானம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அந்த ஐந்து நாற்காலிக்கும் சென்னையிலிருந்து வந்த விழாக் குழுவுக்கும் மட்டும் தெரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

நாலாவது தட்டு வந்தபோது ஆண்கள் பக்கம் எல்லோரும் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைப் பார்த்துப் பேராசிரியரும் பயபக்தியோடு தலையைக் குனிந்துகொண்டார். நேரம் போதாமல் ஒன்பதாவது சரணத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் மைக்கைப் பிடித்தார்.

"உருது எனக்குத் தெரியாது. ஆனால் ஆன்மாவின் மொழிக்கு அகராதி தேவையில்லை. நான்கு தட்டுகள் என்று குழுவினர் எனக்குக் குறிப்புத் தந்தார்கள். நான்கு தட்டுகள் என்பவை ஞானப் பாதையின் நான்கு படிநிலைகள். நான்காவது தட்டை மறைத்து எடுத்துச் செல்கிறாள் அல்லவா, அதுதான் வெளியே சொல்ல முடியாத இறையனுபவம். நண்பர்களே, இந்தக் குரலைக் கேட்டீர்களா? நூற்றாண்டுகளாக ரத்தத்தில் ஊறி வந்தால் ஒழிய இப்படி ஒரு குரல் வராது!"

மைதானம் விடாமல் கை தட்டியது. திரைக்குப் பின்னால் இஃப்ரா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். ஜெயம்மாளுக்கு அந்தக் கை தட்டலைக் கேட்க நேரமில்லை. அடுத்த நிகழ்ச்சி கும்மி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையின் பின்பக்கமாக ஓடினாள். சம்பூர்ணத்தின் குழு ஏற்கெனவே வட்டமாக நின்றுவிட்டது. மூச்சு வாங்கியபடி உள்ளே நுழைந்தவள் வட்டம் சுற்றுகிற திசைக்கு எதிராக நான்கு அடி நடந்துவிட்டாள். மைக்கில் "சம்பூர்ணம் குழுவினர்" என்றார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் பரிசு. 'சிறந்த மரபுக் குரல்' அக்தரி பேகம் குழுவுக்கு. பரிசு வாங்க மேடை ஏற மாட்டேன் என்று ஆபா முன்பே சொல்லியிருந்தார். வீட்டு ஆண்பிள்ளை யாராவது வரலாம் என்று அறிவித்தார்கள். ஆபித் பாஷா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கும் கொடுத்தார்கள்.

"எங்க வீட்ல இந்தப் பாட்டு பரம்பரையா வர்றது" என்றார் அவர். "இத்தினி வருசமா நான்தான் பக்கத்துல இருந்து ஊக்கம் குடுத்துகினு இருக்கேன்."

அக்தரி பேகம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சொல் சொன்னார். நல்லவேளையாக அது உருதுவில் இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஜெயம்மாள் கால் வலிக்க உட்கார்ந்திருந்தபோது பேராசிரியர் அந்த வழியாக வந்தார். கும்மியில் தடுமாறியவள் என்று அடையாளம் கண்டு நின்றார். கெட்டவர் அல்ல, தைரியம் சொல்லத்தான் நின்றார்.

"மனம் தளரக்கூடாது அம்மா. கும்மி உங்கள் மண்ணின் கலை, பழகினால் தானாக வரும். நேரம் கிடைத்தால் மற்றவர்கள் கலையையும் கேளுங்கள். இப்போது அந்த உருதுப் பாட்டைக் கேட்டீர்களா?"

"கேட்டேன் சார். அஞ்சாவது சரணத்துல சுருதி கொஞ்சம் ஏறிப்போச்சு."

பேராசிரியர் வருத்தத்தோடு புன்னகைத்தார். "அவர்களுடைய மரபு தெரியாமல் அப்படி எடைபோடக் கூடாது அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புருஷன் பச்சையப்பன் மைதானத்துக்கு வெளியே வண்டியோடு நின்றிருந்தான். அவன் லாரி புக்கிங் ஆபீசில் வேலை செய்பவன், அளந்துதான் பேசுவான். ரயில்வே கேட் வரை வண்டியை ஓட்டினான். கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது சொன்னான்:

"கும்மி… பொடவ நல்லா இருந்துச்சு."

அவள் தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"பாட்டுல ரெண்டு சரணம் உட்டுட்டாங்களே, ஏன்?"

அப்போதுதான் ஜெயம்மாளுக்கு அழுகை வந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சுது. ஆனா ஒருத்தனும் என் பேரச் சொல்லல பாத்தியா" என்றாள். பச்சையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். கேட் திறந்ததும் வண்டியை எடுத்தான்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. 'பாரம்பரியக் கலைக் காவலர் ஆபித் பாஷா'. அவர் அதைச் சட்டம் போட்டுத் தன் பசைக் கடையில் மாட்டினார். அதற்காக மாடியில் கம்பால் தட்டுவதை நிறுத்திவிடவில்லை.

விழா முடிந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நந்தினி பாட்டை ஆவணமாகப் பதிவு செய்ய அக்தரி பேகத்தின் கையெழுத்து வாங்க வந்தாள். சொல்லிவிட்டு வரவில்லை. சந்துக்குள் நுழையும்போதே பாட்டுக் கேட்டது, விழாவில் கேட்ட அதே குரல். திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். பாயின் நடுவில் உட்கார்ந்து ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தவள் கும்மிக்காரி.

"ஜெயம்மாக்கா?"

பாட்டு நின்றது.

"அப்ப அன்னிக்கு திரைக்குப் பின்னால…"

"வா வா, உள்ள வா" என்றார் அக்தரி பேகம். "திரை எங்களுக்காகத்தான் கேட்டேன். இவளுக்கும் ஒதவுச்சு."

நந்தினி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்க்கா உங்கள அந்தக் கும்மில தள்ளிவிட்டேன்" என்றாள். "தப்பு என்னுது. நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். வேலை போனாலும் பரவால்ல." எழுந்து சந்து முனைக்குப் போனாள். பேராசிரியர் ஏசுவார் என்று எதிர்பார்த்துக் காதிலிருந்து போனைத் தள்ளியே பிடித்திருந்தாள். ஆனால் திரும்பி வந்தவள் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

"சாருக்கு ரொம்ப சந்தோஷம்க்கா. இதைத்தான் இத்தனை வருஷமா தேடிக்கிட்டிருந்தாராம். வேலூர் நிறைவு விழாவுல நீங்க கண்டிப்பா வரணுமாம்."

"அபகரிப்புன்னாரே?"

"இப்ப அது நல்லிணக்கமாம்."

நிகழ்ச்சியின் பெயர் 'மூன்று குரல், ஒரு மண்'. மூன்று பெண்கள். ராணிப்பேட்டையிலிருந்து சர்ச்சில் பாடுகிற ஓர் அம்மா, பள்ளிக்கூடத்தில் கற்ற முருகன் பாட்டைத் திரையில்லாமலே பாட ஒத்துக்கொண்ட இஃப்ரா, உருதுப் பாட்டுக்கு ஜெயம்மாள். ஆளுக்கு ஒரே ஒரு வரி. பிறகு மூவரும் கை கோத்து நிற்க வேண்டும். அவர்களைப் பற்றிப் பேராசிரியர் நாற்பது நிமிஷம் பேசுவார். "பெரிய பொட்டா வெச்சுக்கணுமாம்க்கா" என்றாள் நந்தினி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு வரியா?" என்றாள் ஜெயம்மாள். "ஒரு வரில சம்பந்தியம்மா பந்தியிலயே உக்கார மாட்டாளே!"

வர முடியாது என்று சொல்ல நினைத்தாள். பிறகு, "என் பேரச் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லுவாங்கக்கா. முதல்லயே."

வேலூரில் கூட்டம் இரண்டு மடங்கு. ஏழு மணியோடு மைக் அனுமதி முடிகிறது என்று போலீஸ்காரர் ஒருவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுப் போனார். மூன்று குரல் மேடை ஏறியபோது மணி ஆறேகால். "திருமதி ஜெயம்மாள், ஆம்பூர்" என்று ஒலிபெருக்கி சொன்னது. ஜெயம்மாள் கேட்டாள். நான்கு மூலையிலும் கட்டியிருந்த பெட்டிகளிலிருந்து அவள் பெயர் சற்று முன்பின்னாக நான்கு தடவை வந்தது. பச்சையப்பன் எங்கோ பின்வரிசையில் நின்று விசிலடித்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவனுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சர்ச் அம்மா ஒரு வரி பாடினாள். இஃப்ரா ஒரு வரி பாடினாள். ஜெயம்மாள் முதல் வரியைப் பாடினாள். சம்பந்தியம்மா பந்தியில் உட்கார்ந்தாள்.

அத்தோடு நிறுத்திக் கையைக் கோத்திருக்க வேண்டும். ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து தாளம் வந்தது. அக்தரி பேகம் டோலக் கொண்டு வரவில்லை. முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் வாசிக்க ஆரம்பித்திருந்தார். தாளம் வந்த பிறகு ஜெயம்மாளுக்கு நிறுத்தத் தெரியாது. இரண்டாவது வரி போனது. மூன்றாவது போனது. முதல் சரணம் முடிந்ததும் வேலூர்ப் பெண்கள் பல்லவியை எடுத்துக்கொண்டார்கள். நான்காவது தட்டுக்கு மைதானமே வாய்விட்டுச் சிரித்தது. இங்கே யாரும் தலையைக் குனியவில்லை. பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சிரிப்புக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். விழாக் குழுவில் ஒருவர் மேடையோரம் நின்று கையை வெட்டுவதுபோல் காட்டினார். நந்தினி அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

பதினொரு சரணமும் முடிந்தது. போதாதென்று ஜெயம்மாள் அங்கேயே ஒன்று கட்டினாள். கல்யாணத்துக்குப் படித்த விருந்தாளி ஒருவர் வந்தாராம். எதிரே தட்டு வைத்தார்களாம். சாப்பிடாமல் அர்த்தம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஆறிப்போச்சாம். உருது தெரிந்தவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்கள். கூட்டம் இன்னொரு முறை கேட்டது. சர்ச் அம்மாவும் இஃப்ராவும் சேர்ந்துகொண்டு இன்னொரு முறையும் பாடினார்கள்.

பேராசிரியர் மைக் முன்னால் வந்தபோது ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. நாற்பது நிமிஷத்துக்கு எழுதி வைத்திருந்த தாள்களைப் பார்த்தார். தாள்களை மடித்தார். பக்கத்தில் நின்ற ஜெயம்மாளிடம் திரும்பி, மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டார்: "கடைசியில் பாடினது என்ன அம்மா? ஞானமா?"

"இல்ல சார்" என்றாள் ஜெயம்மாள். "பிரியாணி."

பேராசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நடிப்பாகத் தெரியவில்லை. அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

பஸ் நிலையத்தில் ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது துப்பட்டா போட்ட ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜெயம்மாளின் கையைப் பிடித்தாள். மகளுக்கு அடுத்த மாசம் இருபதாம் தேதி கல்யாணமாம். முதல் நாள் மஞ்சள் பூசப் பாட வர வேண்டுமாம். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தாங்கிக்கொள்கிற மனசுதானாம்.

"பத்தொம்போதா? அன்னிக்கு நமக்கு வாணியம்பாடி இருக்குதே, ஆபா."

"அது காலைல" என்றார் அக்தரி பேகம். "முடிச்சுட்டு நேரா வந்துடலாம். எந்தத் தெருவுன்னு கேட்டு வெச்சுக்க."